இரண்டு ஷிப்டில் பின்னிய லேஸ்

எனக்குப் பொறுமை கிடையாது என்பது பென்னலூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்ட நான்தான் ஒரு கல்யாணப் பெண் தலையில் போடும் வெள்ளை நெட் முக்காட்டுக்கு லேஸ் பின்னினேன்.

அந்தப் பெண் என் கம்பெனித் தோழி, நாகர்கோவில் பக்கத்துக்காரி. ஒரு காலத்தில் மிஷன் வெள்ளைக்காரிகள் கொண்டுவந்த லேஸ் வேலை அவள் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்குமாம். நெட்டின் ஓரத்து லேஸைக் கல்யாணப் பெண்ணே பின்ன வேண்டும் என்பது இன்றும் அவள் வீட்டு வழக்கம். ஓ.டி. பார்த்துப் பார்த்து அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு முழம் தேறுவதற்குள் கல்யாணம் நெருங்கிவிட்டது. அழுகிற மாதிரி நின்றாள்.

"குடு இங்க, நானும் போடறேன்" என்றேன். குரோஷா ஊசி எனக்கும் பழக்கம்தான். டி.வி. மேல் போடும் துணிக்கெல்லாம் பின்னியிருக்கிறேன்.

எங்களுக்கு எதிரெதிர் ஷிப்ட். லைனில் வேலையை ஒப்படைப்பது போலவே லேஸையும் ஒப்படைத்தோம். லாக்கர் ரூமில், உள்ளே வருகிறவள் கொடுப்பாள், வீட்டுக்குப் போகிறவள் வாங்கிக்கொள்வாள். அழுக்காகக் கூடாதே என்று பின்னியதை அட்டையில் சுற்றிக்கொண்டே போனோம். வினை அதில்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒரு நாளும் அதை விரித்துப் பார்க்கவில்லை.

முடித்து விரித்தபோதுதான் தெரிந்தது. அவளுக்குத் தளர்வான கை, எனக்கு இறுக்கமான கை. லேஸ் அவள் ஷிப்டில் அகன்றும் என் ஷிப்டில் ஒடுங்கியும் ஓடியது.

"இன்னாடி இது, எலிய முழுங்கின பாம்பு மாதிரி கீது! என்னுத பிரிச்சுடறேன்."

"பிரிச்சா கல்யாணத்துக்குள்ள முடியாது பிள்ளே. இப்படியே கொண்டுபோனா அம்மா கண்டுபிடிச்சிருவா" என்று அழுதேவிட்டாள்.

வேறு வழியில்லை. அப்படியே நெட்டில் வைத்துத் தைத்தோம்.

கல்யாணத்தன்று காலை அவள் அம்மா நெட்டை மடியில் போட்டு, லேஸை விரலால் தடவிக்கொண்டே போனார். 

"இதுல ரெண்டு கை கெடக்கே. இறுக்கமான கை யாருக்க?"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். என் வாய் சும்மா இருக்குமா? "என்னுதுதாம்மா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நெட்டை என் கையில் கொடுத்தார்.

"அப்ப நீயே போட்டுவிடு மக்ளே. கூடப் பிறந்தவதான் இதப் போட்டுவிடணும். இவளுக்கு அக்கா தங்கச்சி இல்ல."

எனக்கும் இல்லை. சந்தோஷக் கண்ணீர் கண்ணை மறைக்க, நெட்டில் குத்த வேண்டிய பின்னை என் விரலிலேயே குத்திக்கொண்டேன்.