தன்னைத்தானே திருத்திக்கொண்ட மழைமானி

மழை அளக்கும் பெட்டிகளை இயக்கும் டிரைவர் நிரல் எழுதுவதே ரஜீவின் உத்தியோகம். தெமோதரைத் தேயிலைத் தோட்டமொன்றின் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, பதுளையில் கணினிக்கு முன்னால் உட்காரும் அளவுக்கு உயர்ந்தவர். லயத்துக்கு மேலிருந்த மலைக்கு அப்படியான ஆசைகள் இல்லை. அது ஈரம் குடித்தபடி அங்கேயே காத்திருந்தது.

ஒரு நாள் மழை நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் லயத்தில் வைத்திருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதுவரை பச்சை. பிளாஷ் நினைவகத்தில் எண்ணொன்று கெட்டால், கூடவே எழுதிவைத்த சரிபார்ப்புக் குறியைப் பார்த்து நிரலே திருத்திவிடும்.

"மெசின் தன்ர பிழையைத் தானே திருத்துது. எங்கட ஆக்களில ஒருத்தராவது செய்வினமோ?" என்று பூரிப்பார் மேலதிகாரி ஸ்ரீஸ்கந்தராஜா.

2007 தை மாதத்தில் ஒருநாள், விடாத மழைக்குள், பெட்டி அனுப்பிய அளவு எண்பத்திரண்டு. ஜன்னலுக்கு வெளியே பதுளையே கரைந்துகொண்டிருந்தது. ரஜீவ் நினைவகத்தில் இருந்த எண்ணை, நிரல் திருத்துவதற்கு முன்பிருந்தபடியே இறக்கிப் பார்த்தார். இருநூற்றுப் பத்து. எண்ணில் பழுதில்லை, குறிதான் கெட்டிருந்தது. பொய்ச்சாட்சியை நம்பி நிரபராதியைத் தண்டித்திருந்தது நிரல்.

லயத்திலிருந்த கந்தப்பன் கங்காணிக்குப் போன் போட்டார்.

"எல்லாரையும் வெளியேத்துங்கய்யா."

"பொட்டி பச்சையால்ல இருக்கு தம்பி. செவப்புன்னா வேலைக்கு வராட்டியும் பேரு விழும், நாள் சம்பளம் கெடைக்கும். பச்சையில போனா தொர பேரு போட மாட்டாரு."

குறியில் பிழையென்றால் எண்ணைத் தொடாதே என்று இரண்டு வரி சேர்த்தார் ரஜீவ். பஸ் பிடித்துப் போய்ப் பெட்டியில் ஏற்றினார். விளக்கு சிவந்தது.

எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் மூட்டைகளோடு ஒதுங்கிய சனம் அவரைத்தான் முறைத்தது.

"நல்லா இருந்த பொட்டி," என்றார் கந்தப்பன். "தொட்டுக் கெடுத்துப்புட்டியே. நீ கைவச்ச செவப்புக்குத் தொர பேரு போட மாட்டாரு. பழையபடி பச்சையாக்கிரு, தொரகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அடுப்புல சோத்த வச்சிட்டு வந்திருக்கேன்டா," என்றாள் அக்கா ஜீவராணி. "படிச்சு இதத்தான் கிழிச்சியா?"

கந்தப்பன் மூட்டையைத் தலைக்கு ஏற்றினார். நாலைந்து பேர் அவர் பின்னால் லயத்துக்கு இறங்கத் தயாரானார்கள்.

லயத்துக்கு மேலிருந்த மலையின் ஊற்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் குழாயில் வரும் தண்ணீர் விழும் பீலியில் ஜீவராணி குடத்தை வைத்தாள். தெளிந்து விழுந்த தண்ணீர் சற்றுநேரத்தில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. பிறகு ஒரேயடியாக நின்றது. மழையோ கொட்டிக்கொண்டிருந்தது.

கந்தப்பன் தலைமூட்டையை மெல்ல இறக்கிவைத்தார். "ஊத்து அடைஞ்சிருச்சு, மலை நகருது. பேரு கெடக்கட்டும்," என்றார். மலையில், லயத்துக்கு நேர்மேலே, மரமொன்று முறியும் சத்தம் கேட்டது.