ஆடு மேய்ந்த அலிசம்

யுத்தம் தொடங்கிய வருஷம். கல்லறைத் திருநாளன்று என் மனைவியின் கல்லறையில் வைப்பதற்காக, நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலோரம் அலிசம் பூ விதைத்தேன். நான் வேலை பார்த்த பங்களாவின் துரைசானி கொடுத்த விதை. தூசி மாதிரி இருந்தது. மண் போட்டு மூடாமல், உள்ளங்கையால் அழுத்திவிட்டுத் தினமும் தண்ணீர் தெளித்தேன். அக்டோபரில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. வாசலெல்லாம் தேன் வாசனை.

திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் ஆடு அத்தனையையும் மொட்டையாக மேய்ந்துவிட்டது.

"கட்டிப்போடத் துப்பில்லாதவளுக்கு ஆடு எதுக்கு? நீ விளங்கவே மாட்டே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

இடுப்பில் குழந்தையோடு நின்றவள், "தப்பு என்னுதுதாண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

செடியைப் பிடுங்கவும் மனம் வராமல் அப்படியே விட்டேன். மூன்றாவது வாரம் அது தழைத்து, முன்னைவிட அடர்த்தியாகப் பூத்தது. பூத்ததைக் கத்தரித்தால் அலிசம் மறுபடி பூக்கும் என்று அப்புறம்தான் துரைசானி சொன்னார்.

ஒரு கைப்பிடி பூவோடு செல்லம்மா வீட்டுக்குப் போனேன். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது.

"அன்னிக்கே ஆட்டை வித்துட்டேண்ணா. பாப்பாவுக்குத்தான் பால் இல்லாம போச்சு" என்றாள்.

அந்தத் திருநாளில் கல்லறை நிறையப் பூ இருந்தும் எனக்கு ஜெபம் வரவில்லை.

இன்றும் வருஷம் தவறாமல் அலிசம் விதைக்கிறேன். வேலி மட்டும் போடுவதில்லை.