விமலகுமாரியின் இருநூற்றுப் பத்து மீட்டர்

விமலகுமாரியைப் பற்றி எழுத எனக்கு அருகதை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. தனுவச்சபுரத்தில் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வரும் பிள்ளைகள் ரெக்கார்டையும் புராஜெக்டையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். பைண்டிங் போட்டுக்கொண்டே இன்னொருத்தருக்கு மலையாளத்தில் விண்ணப்பம் அடித்துக் கொடுப்பாள், நடுநடுவே இரண்டு பேரையும் திட்டுவாள். எனக்கு அடுத்த வீட்டுக்காரி. நான் தாணுமாலயன். பாறசாலையில் முப்பது வருஷம் நிலப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். எங்கள் பக்கம் அதை ஆதாரம் என்போம்.

அவளுடைய கணவன் ராஜப்பன் ரப்பர் வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு இருநூற்றுப் பத்து மீட்டர். செம்மண் சரிவு, நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் பாதி உடைந்த ஒற்றைச் சிலாப். ஆட்டோ உள்ளே வராது. ராஜப்பனை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஆட்டோக்காரன் கனகதாஸும் பின்னால் நானும் தூக்கிக்கொண்டு போவோம். எனக்கு அறுபத்தேழு வயது.

ஜூன் மழையில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கால் வழுக்கியது. நாற்காலியோடு அவர் ஓடையில் விழுந்தார். டயாலிசிஸ் ஊசி குத்துகிற கை கல்லில் அடிபட்டது. இந்தக் கை கெட்டுப்போனால் அடுத்த கையில் குத்த இடம் தேட வேண்டியிருக்கும், அதுவும் லேசில் கிடைக்காது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து விமலகுமாரிக்கு ஒரே நினைப்பு. ஆட்டோ வீட்டு வாசலுக்கு வர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தது. மக்களே திட்டம் போடலாம் என்றார்கள். வார்டின் வரைபடம் இருக்கும். யார் வேண்டுமானாலும் ஒரு புள்ளி வைத்து அங்கே என்ன தேவை என்று எழுதலாம், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தலாம், பிடித்திருந்தால் ஆதரவு என்ற பொத்தானை அமுக்கலாம். ஒரு போன் நம்பருக்கு ஓர் ஆதரவு. பதினைந்து நாள் கழித்து வார்டில் முதலிடம் பிடிக்கும் வேலை இந்த வருஷமே நடக்கும்.

விமலகுமாரி இரண்டாம் நாளே புள்ளி வைத்துவிட்டாள். 'ராஜப்பன் வீட்டு வழி, கான்கிரீட், ஓடைக்குச் சிலாப்.' பிறகு கடையைச் சாயங்காலம் நாலு மணிக்கே பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறினாள். போனில் வருகிற ஓடிபியைச் சொன்னால்தானே ஆதரவு பதியும்? அதைச் சொல்ல வைப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போனது. என் வீட்டிலேயே என் மனைவி ஓமனா முறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓடிபி ஆருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு பாங்கில சொல்லியிருக்காவ."

"பாங்கில சொன்னது கள்ளன்மாருக்காக்கும் அக்கா. என்னைப் பாத்தா கள்ளி மாதிரியா இருக்கு?"

"உன்னைச் சொல்லல்ல மக்கா. போனைச் சொன்னேன்."

இப்படியே ஒன்பது நாளில் நூற்றுப் பதினெட்டு ஆதரவு சேர்த்தாள். என்னுடையதும் அதில் ஒன்று. பத்தாம் நாள் காலையில் பார்த்தால் பூஜ்ஜியம்.

வழியின் கிழக்குக் கோடியில், சர்ச்சுக்குப் பக்கத்தில், ஞானபாய் டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷி. தனி ஆளின் பெயரில் இருந்தால் பஞ்சாயத்து பணம் தராது என்று பயந்து, பெயரை 'சர்ச் வழி' என்று திருத்திவிட்டார். பெயர் மாறினால் அது புதிய கோரிக்கை, பழைய ஆதரவு செல்லாது என்று அந்தப் பக்கத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் போட்டிருந்ததாம். அந்த விதியை எழுதினவனை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்க எனக்குச் சில கேள்விகள் உண்டு.

விமலகுமாரி நேரே வார்டு மெம்பர் ஷீனாவிடம் போனாள்.

"சேச்சி, அது சிஸ்டம் செய்யுததாக்கும். எனக்க கையில ஒண்ணும் இல்ல."

"பின்னே ஆருக்க கையில உண்டு?"

"சிஸ்டத்துக்க கையில."

டீச்சரிடம் போய்க் கத்தினாள். "நல்லதுக்குத்தானே செய்தேன் மக்கா" என்று டீச்சர் அழுதுவிட்டார். அழுகிறவரை என்ன செய்வது? பெயரைத் திரும்ப மாற்றினால் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். சர்ச் வழி என்றே இருக்கட்டும் என்று மீண்டும் முதல் வீட்டிலிருந்து ஏறத் தொடங்கினாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அவளுக்கு முழுசாகவே சறுக்கியிருந்தது. சில வீடுகளில் "ஒரு தடவை தந்தாச்சே" என்று கதவைச் சாத்தினார்கள். வழிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டாள்: "பேரு என்ன எளவா வேணும்னாலும் இருக்கட்டு. ஆரும் தொடாதுங்கோ."

நான் அந்தக் குழுவில் இல்லை. உற்சவப் பந்தல் விஷயத்தில் சண்டை போட்டு விலகியிருந்தேன். ஆதரவெல்லாம் போய்விட்டது என்று காதில் விழுந்தபோதும் நெட்வொர்க் கோளாறு என்றுதான் நினைத்தேன். கடைசி இரண்டு நாள் காட்டாக்கடையில் ஒரு கல்யாணத்துக்கு நான் மட்டும் போயிருந்தேன். என் வீட்டுக்கு அவள் இரண்டாம் முறை வந்தபோது ஓமனா மட்டும்தான் ஓடிபி சொல்லியிருக்கிறாள்.

கடைசி நாள் மாலை நாலு நாற்பதுக்கு ஊர் திரும்பினேன். ஐந்து மணிக்குப் பக்கம் மூடிவிடும். அப்போது எங்கள் வழிக்குத் தொண்ணூற்றாறு ஆதரவு, கிளப் மைதானத்துக்கு விளக்கு போடுகிற கோரிக்கைக்கு எண்பத்தொன்று. விமலகுமாரி ஜெயித்துவிட்டாள். எனக்கு அது தெரியாது. கணக்குக்கு நம்முடையதையும் போடுவோமே என்று போனைத் திறந்தேன். 'சர்ச் வழி' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன பென்சில் படம்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் குறைந்தது நாற்பது ஆதாரத்தில் 'வடக்கே காவு வழி' என்று என் கையால் எல்லை எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட சர்ச் வழி கிடையாது. மேற்குக் கோடியில் சாமி குடியிருக்கிற காவுத் தோப்பு என்ன இல்லாமல் போய்விட்டதா? பென்சிலை அமுக்கினேன். 'காவு வழி' என்று திருத்தினேன். ஆதரவு 0 என்று வந்தது. சரியான பெயருக்கு இனிமேல்தானே வரும் என்று நினைத்து, என் ஆதரவை அமுக்கினேன். ஒன்று ஆனது. ஓமனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், வெட்கமில்லாமல்.

ஐந்தே காலுக்கு விமலகுமாரி என் வாசலில் நின்றாள். யார் திருத்தினார்கள் என்று அந்தப் பக்கமே காட்டுமாம். போனை நீட்டினாள்.

"சாறே, இது நீங்கதானா?"

"ஓ, நான்தான். ஆதாரத்தில அப்படித்தானே உண்டு?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஊரையே திட்டுகிறவள்.

"தொண்ணூற்றாறு இருந்தது சாறே" என்றாள். போய்விட்டாள்.

ஓமனா எனக்கு விளக்கிச் சொன்னாள். அதன் பிறகு இரண்டு நாள் அவளும் என்னிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கிராமசபை. திரையில் பட்டியல் போட்டார்கள். முதலிடம் மைதான விளக்கு. கைதட்டினார்கள். கடைசி வரியில் 'காவு வழி, ஆதரவு 1'.

"அது போட்டவனுக்க சொந்த ஓட்டாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, தொண்ணூற்றாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "சிஸ்டம் பூட்டியாச்சு சாறே. அடுத்த வருஷம் நேரத்தோட போடுங்கோ" என்றாள் ஷீனா. டீச்சரும் எழுந்து கெஞ்சினார். அந்தக் கூட்டத்தில் எங்கள் வழி வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. இதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாரும் வேண்டும் என்றோம். அதில் இரண்டு பேர், வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கெடுத்தோம். விமலகுமாரி ராஜப்பனைத் தனியாக விட முடியாது என்று பாதியில் கிளம்பிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். உள்ளே விடுவாளா என்று சந்தேகம். நாற்காலியை முற்றத்தில் எடுத்துப் போட்டிருந்தாள். கனகதாஸ் முன்னால் பிடித்தான், நான் பின்னால். அவள் ஆஸ்பத்திரிப் பையோடு என் பின்னால் வந்தாள். ராத்திரி மழை பெய்து மண் குழைந்து கிடந்தது. ஓடையை நெருங்கும்போது ராஜப்பன் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"சாறே, லிஸ்டில நம்ம வழிக்கு ஒரு ஓட்டு உண்டாமே. அது நீங்க போட்டதுன்னு விமலா சொன்னா. இந்த ஊரில ஒராளாவது உண்டே."

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பேசாம இரிங்கோ" என்றாள் விமலகுமாரி பின்னாலிருந்து. "சாறுக்கு மூச்சு வாங்குது."