சாமிக்கு விட்ட சேவல்

எங்கள் சேவல் பயந்தது என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான். அவர் அதை அடித்ததே இல்லை. சிறகை விரித்துக்கொண்டு பாய்ந்து வரும்போது பின்வாங்காமல் நிற்பார். கிட்டே வந்ததும் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொள்வார். அப்படியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வாசலில் நின்று பேப்பர் படித்து முடித்த பிறகுதான் கீழே விடுவார். அதுவும் பந்தியில் இடம் கிடைக்காத மாமனைப் போல ஓரமாகப் போய் நிற்கும்.

"நாம ஒருக்கா ஓடிட்டா, அப்புறம் அதுதான் இந்த வூட்டுக்கு எஜமான்" என்பார். நான் ஓடுகிற கட்சி. விளக்குமாறு இல்லாமல் வீட்டுப் பின்பக்கம் போகமாட்டேன்.

அவருக்கு மூச்சு முட்டி தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாற்றுத்துணி எடுக்க வந்த நான், பஞ்சாரக் கூடைக்குள் இருந்த சேவலைப் பிடித்து அதன் காலில் மஞ்சள் துணி கட்டினேன். அவர் நடந்து வீடு வந்து சேர்ந்தால் இதை உனக்கு அறுக்கிறேன் என்று முனியப்பனிடம் வேண்டிக்கொண்டேன். கட்டும்போதே கையைக் கொத்திவிட்டது.

சாமிக்கு விட்ட கோழியை விற்கக்கூடாது, விருந்தாளிக்கு அடிக்கக்கூடாது, அதன்மேல் கை ஓங்கவும் கூடாது. நான் விளக்குமாற்றைக் கீழே போட்டேன். அவர் ஆம்புலன்ஸில் வந்தார், படுத்தபடி.

கருமாதி முடிவதற்குள் சேவல் விஷயத்தைப் புரிந்துகொண்டது. அதன் கால்முள் கீறாத இடம் என் கெண்டைக்காலில் இல்லை. பெட்டைக் கோழிகளின் முதுகில் இறகே இல்லை. பஞ்சாரத்தில் போட்டு மூடினால், திறந்துவிடும்போது இன்னும் வெறியோடு வந்தது.

அரூரில் இருக்கும் மகள் பேத்தியைக் கூட்டி வந்திருந்தாள். நடை பழகும் குழந்தை. சேவல் எகிறி அதன் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. மகள் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருப்பேன். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள்: "இது இருக்கற வரைக்கும் பாப்பாவ இங்க கூட்டியார மாட்டேம்மா."

பூசாரியிடம் போய்க் கேட்டேன். வேண்டுதலே பலிக்கவில்லை, பிறகென்ன கடன், குழம்பு வைத்துவிடுங்கள் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். என் விஷயத்தில் பூசாரி தாராளமாகவே கொடுத்துவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை. அந்த மஞ்சள் துணி அதன் காலில் இருக்கிறவரை, அவருக்காக நான் கேட்டது இன்னும் முடியாமல் இருக்கிறது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். செத்த மனுஷனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் பேத்தி வராத வீட்டில் எத்தனை நாள் இருப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவலுக்கு முன்னால் போய் நின்றேன். இந்த முறை ஓடவில்லை. பாய்ந்து வந்ததைத் தூக்கி இடுக்கிக்கொண்டேன். கோயில் வரைக்கும் சத்தமே இல்லாமல் வந்தது. இவ்வளவுதானா என்று அழுகை வந்துவிட்டது.

பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அது துலுக்கவில்லை. மறுபடி தெளித்தார். யாரைப் பார்த்தாலும் எகிறுகிற சேவல் சிலையாக நின்றது. துலுக்காதே, துலுக்காதே என்று உள்ளுக்குள் வேண்டினேன். பேத்தியின் முகம் நினைவுக்கு வந்தது, அப்படியும் வேண்டினேன்.

"மனசுல என்னமோ குறை வெச்சிருக்கீங்க, வாய்விட்டுச் சொல்லிடுங்க" என்றார் பூசாரி.

"அவரு நடந்து வரல. நான் கேட்டத நீ குடுக்கல. இருந்தாலும் கொண்டாந்துட்டேன், எடுத்துக்க" என்றேன்.

தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு துலுக்குத் துலுக்கியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எத்தனை முறை கேட்டிருப்பேன். முனியப்பன் எனக்குச் சரி என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.