டீ வரும்வரை சண்டை கிடையாது

நெட் சென்டர் நடத்துகிறவள் என்றால் ஏசி அறையில் சொகுசாக உட்கார்ந்திருப்பவள் என்று ஊர் நினைக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், ஏசியும் கிடையாது, சொகுசும் கிடையாது என்று.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது என் சென்டர். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் இந்த உப்புக்காற்றுக்கு வந்து சேர்ந்தேன். மனிதர்கள் தாங்கிக்கொண்டார்கள், கீபோர்டுகள்தான் துருப்பிடித்தன. பகலில் பரீட்சை ரிசல்ட் பார்ப்பவர்களும் பயோடேட்டா அடிப்பவர்களும் வருவார்கள். சாயங்காலமானால் எல்லா மெஷினையும் கேபிளால் கோத்து யுத்தம் தொடங்கிவிடும். நீங்களும் சென்டர் வைத்திருந்தவர் என்றால் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

வில்லுக் குதிரை

அது ஒரு சரித்திர விளையாட்டு. காடு வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, கடைசியில் பக்கத்து மெஷின்காரனின் ஊரைக் கொளுத்த வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஒரு படை உண்டு. மங்கோலியர்களுக்கு, குதிரை மேல் உட்கார்ந்தபடி அம்பு விடும் வீரன். கோட்டை கட்டி முடித்தால்தான் வெளியே வருவான். எங்கள் கடையில் அவனுக்குப் பெயர் வில்லுக் குதிரை.

அதில் கெட்டிக்காரன் குமரேசன். கான்ட்ராக்டில் ஃபிட்டர் வேலை பார்த்தவன், என்னைவிட இளையவன், அதனால் உரிமையோடு அவன் என்றே எழுதுகிறேன். வில்லுக் குதிரை எட்ட நின்று ஓர் அம்பு விடும். எதிரி கிட்டே வருவதற்குள் திரும்பி ஓடும். மறுபடி நின்று ஓர் அம்பு. துரத்துகிறவன் துரத்தியே சாவான். இதற்கெல்லாம் மௌஸின் வலது பொத்தானை ஓயாமல் தட்ட வேண்டும். அவன் உட்கார்ந்த மெஷினில் ஒரு மௌஸும் உருப்பட்டதில்லை. கொஞ்சம் மெதுவாகத் தட்டப்பா என்று கெஞ்சிப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்:

“மெதுவா தட்னா குதிர செத்துடும்க்கா. மௌஸு செத்தா வேற மாட்டிக்கலாம்.”

பாய் டீக்கடை

எங்கள் சென்டருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் எதிர்க்கடை பாயிடம் டீ சொல்லிவிடுவார்கள். அந்த டீ வந்து சேரும்வரை யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. மரம் வெட்டலாம், கோட்டை கட்டலாம், சண்டை மட்டும் கிடையாது. முதல் கிளாஸ் மேஜையைத் தொட்டதும் யுத்தம். யார் போட்ட சட்டமோ தெரியாது, ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

கோட்டை எழும்ப நேரம் வேண்டும் என்பதால் குமரேசனுக்கு டீ தாமதமாக வந்தால் லாபம். அவனோடு எப்போதும் மோதும் மீன் வண்டி ரவிக்கோ சீக்கிரம் வந்தால் லாபம். ஒருநாள் ரவி போய் பாயை அவசரப்படுத்தினான். பின்னாலேயே குமரேசன் போய், நல்லா கொதிக்கட்டும் பாய் என்றான். பாய் கம்பிக்கூடையில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வந்து, நடுக்கடையில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“நான் டீ போட்றனா, இல்ல உங்க சண்டைக்கு நாள் குறிச்சிக்கினு கீறனா?”

பின்னால் நின்றவள்

ஒரு சாயங்காலம் ஒரு பெண் உள்ளே வந்து, கேட்காமல் கொள்ளாமல் குமரேசனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் மனைவி ஸ்டெல்லா, நர்சரி பள்ளி டீச்சர். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத காதல் கல்யாணம். சாட்டிங்கில் வேறு எவளோடோ பேசுகிறானோ என்று பார்க்க வந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் அப்படிப் பின்னால் வந்து நின்ற மனைவிமார்களை நிறையப் பார்த்தவள் நான். அவன் கவனிக்கவே இல்லை. குதிரைகள் அம்பு விட்டன, ஓடின, திரும்பின, விட்டன. ஸ்டெல்லா வெகுநேரம் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வூட்லயும் இதே ஆட்டம்தான்க்கா. ஒரு வார்த்த வுடுவாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள செருப்ப மாட்டிகினு கெளம்பிடுவாரு.”

மதில்

அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் ஸ்டெல்லா என் கடைக்கு வர ஆரம்பித்தாள். மத்தியானம் மெஷின்கள் சும்மா கிடக்கும். எனக்கும் பேச ஆள் வேண்டும். ஆட்டத்தைக் கற்றுக்கொடுங்கள் என்றாள். நானோ பயந்தாங்கொள்ளி. எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் ஊரைச் சுற்றி மதில் எழுப்புவதும் அதில் ஒரு கதவு வைப்பதும்தான். அந்தக் கதவு எதிரிக்குத் திறக்காது. நட்பு நாடு என்று நாம் குறித்துவிட்டால், அவன் குதிரை கிட்டே வந்ததும் தானாகத் திறக்கும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டுக் காட்டுகிற கை, மதிலைக் கோணாமல் இழுத்தது. அடுத்து வாள் வீரர்களைச் செய்வோமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள்.

“இது போதும்க்கா. எனக்கு அடிக்கல்லாம் வேணாம். நிக்க வெச்சா போதும்.”

ஓடாத குதிரை

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டெல்லாவின் அம்மா முதல் தடவையாக மகள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஊர் கருங்குழி. மனசு மாறி, பை நிறைய முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு வந்த மனுஷியிடம் நம் குமரேசன், “இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?” என்று ஒரு வார்த்தை விட்டான். விட்ட கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டான். அன்றைக்கு அவன் ஆட்டம் பிரமாதம். வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்குக் கொடுத்த காபி டம்ளர் குடிக்காமல் அப்படியே இருந்தது. அம்மாவும் இல்லை, மகளும் இல்லை.

மறுநாளும் அடுத்த நாளும் வந்தான். மௌஸின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்றன. ரவியின் ஆட்கள் வந்து வெட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ரவியே வெட்டுவதை நிறுத்திவிட்டான். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ரவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான்.

“ஓடு மச்சான். நின்னு சாவறவன அடிச்சி எனக்கு இன்னா ஆவப்போது?”

கருங்குழிப் பயணம்

நானும் ரவியும் சேர்ந்து அவனைத் திட்டி அனுப்பினோம். செங்கல்பட்டு போய், பஸ் மாறி, கருங்குழியில் இறங்கிப் போயிருக்கிறான். மறுநாள் மாலை ஆவலோடு கேட்டேன். வாசலில் ஸ்டெல்லா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். “வூட்டுக்கு வா ஸ்டெல்லா” என்றானாம். அப்புறம் என்றேன். அப்புறம் ஒன்றுமில்லை. சொன்ன வேகத்தில் திரும்பி நடந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டான். அவ்வளவு தூரம் போயும் ஓர் அம்பு, உடனே ஓட்டம்.

எனக்கு வந்த கோபத்தில் மௌஸைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏன்தான் ஓடுகிறாய் என்று கேட்டேன். வில்லுக் குதிரை ஏன் ஓடுகிறது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு உடம்பு மெலிவு, கிட்டே நின்று ஒரு வெட்டு வாங்கினால் தாங்காது. குமரேசன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“பதில் இன்னா வருமோன்னு பயமா இருந்திச்சிக்கா. வரமாட்டேன்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது?”

டீ வந்த பிறகு

அந்த வாரத்திலேயே ஒரு மாலை, ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் ஸ்டெல்லா தோளில் பையோடு வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, பஸ்ஸிலிருந்து நேரே கடைக்கு. குமரேசனுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, என்னையும் சேர்த்துக்கோங்க என்றாள். ரவி எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தான்.

குமரேசன் பழக்கதோஷத்தில் கோட்டை கட்டினான், குதிரைகளைச் செய்தான். பக்கத்தில் திரும்ப அவனுக்குத் தைரியமில்லை. தன் ஊரின் ஓரங்களைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா ஒரு சிப்பாய்கூடச் செய்யாமல் மதில் இழுத்துக்கொண்டிருந்தாள், தன் ஊரைச் சுற்றி அல்ல, அவன் ஊரைச் சுற்றி. மதில் கட்டுவது சண்டையில்லையே, சட்டத்தில் இடமிருந்தது. கடைசியாக ஒரு கதவை வைத்து மூடினாள். பாய் டீயை வைத்தார். குமரேசனின் குதிரைகள் நாலு பக்கமும் போய் மதிலில் முட்டி நின்றன.

ஸ்டெல்லா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். “இப்ப எங்கயா ஓடுவ? உக்காரு. வூட்டுக்கு வர்றதுக்குத்தான் கெளம்பி வந்தேன். ஆனா நான் பதில் சொல்லணும், நீ கேக்கணும். சண்டன்னாலும் இருந்து போடு. என்ன வுட்டுட்டு ஓடாத, எனக்கும் பயமாத்தான் கீது.” மற்ற நாங்கள் எல்லோரும் அவரவர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தோம். குமரேசன் மௌஸிலிருந்து கையை எடுத்தான். “அம்மா கிட்ட நானே வந்து பேசறேன்” என்றான். அவள் தன் மெஷின் பக்கம் திரும்பி, அவன் பெயருக்கு நேரே நட்பு நாடு என்று குறித்தாள். மதில் கதவு திறந்துகொண்டது. ரவிக்குப் பொறுக்கவில்லை, மச்சான், கதவு தெறந்து கீது, கெளம்பு என்றான். குமரேசன் ஒரு கிளாஸை எடுத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுத் தனக்கொன்று எடுத்துக்கொண்டான்.

“தெரியுது மச்சான். தெறந்தே இருக்கட்டும். நீ டீய குடி.”

சென்டரை மூடி வெகுகாலமாகிவிட்டது. அந்தத் தொழிலில் எனக்கு மிஞ்சியவை வலது பொத்தான் செத்துப்போன மௌஸ்கள் ஒரு பை நிறையவும், என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் முதலில் போய் டீக்கு அடுப்பைப் பற்றவைக்கிற பழக்கமும்தான்.