மணியின் செவ்வாய்க்கிழமை இலை

திருவனந்தபுரம், வலியசாலை. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நிற்கிறேன். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. உள்ளே, புல்லாங்குழல் கற்கும் மணி இலை முன்னால் திணறிக்கொண்டிருக்கிறான். யாருமற்ற அவனுக்கு இந்தத் தெருவில் ஏழு வீடுகள் கிழமைக்கு ஒன்றாகச் சோறு போடுகின்றன, இந்த ரேஷன் அரிசிக் காலத்திலும். குழலும் தெரு வாங்கித் தந்ததுதான். இன்று சாயங்காலம் கோயிலில் அவனுடைய முதல் கச்சேரி என்பதால், இன்று முறையில்லாத வேறு மூன்று வீடுகள் ஏற்கெனவே கூப்பிட்டுப் பாயசத்தோடு போட்டுவிட்டனவாம்.

“இன்னும் சாப்ட்டா ஊத மூச்சு வராது, மாமி.”

“செவ்வாய் எங்காத்து முறையாக்கும். நான் பட்டினி போட்டேன்னு தெருவே பேசும்.”

மணி என்னைக் காட்டுகிறான். “எனக்குப் பதிலா இவர் உக்காரட்டும்.”

“கச்சேரியும் இவரே வாசிப்பாரோ?” என்கிறாள் மாமி. ஆனாலும் எனக்குச் சோறு விளம்புகிறாள். நான் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் மணி ஒரு சுரத்தைப் பிடித்து வெகுநேரம் நிற்கிறான். மூச்சு அறுபடவில்லை. தெருவே தலையாட்டுகிறது.

“இன்னிக்கு எங்காத்துச் சாப்பாடாக்கும்,” என்று மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறாள்.

நான் பின்னால் உட்கார்ந்து ஏப்பத்தை அடக்கிக்கொள்கிறேன்.