சோறு தொடாதவளோடு பினாங்கு போனது

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது நாலு. தங்கச்சி போன பிறகு அவள் பெற்ற ரெண்டும் என் கையில்தான் வளர்ந்தது. மந்தைவெளியில் இட்லிக்கடை போட்டு அத்தனை பேரையும் கரை சேர்த்தேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது, அதனால் எழுத்து கோணலாகத்தான் வரும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

என் சிநேகிதி பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவை மடிக்கும் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் நாற்பது புடவையை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போவார்களே, அதையெல்லாம் திரும்ப மடித்து அடுக்குவது இவள்தான். புருஷன் இல்லை. ஒரே பிள்ளை. அவன் ஓட்டல் வேலைக்கு என்று மலேசியா போனான். முதலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு அந்த நம்பரே இல்லை என்று ஒரு பொம்பளைக் குரல் சொல்ல ஆரம்பித்தது. அனுப்பி வைத்த ஏஜென்டும் கடையைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குத்தான் இவள் எங்கள் தெரு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என் பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் வராமல் காப்பாற்று, அவன் குரலைக் கேட்கிற வரைக்கும் அரிசியைத் தொடமாட்டேன் என்று. அரிசி என்றால் சோறு மட்டும் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், அம்மன் கோயில் பொங்கல், எதுவும் கிடையாது. கேழ்வரகுக் களியும் சப்பாத்தியுமாக ஆறு வருஷம் ஓட்டினாள். என் இட்லியை வேண்டாம் என்று சொன்ன ஒரே பிறவி அவள்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன்.

போன வருஷம் என் பேத்தி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பினாங்கில் தெருத்தெருவாகப் போய்ச் சாப்பிடுகிற ஒருத்தனுடைய வீடியோ. ஒரு கடையில் ரொட்டி போடுகிறவன் கொஞ்ச நேரம் தலையைத் திருப்பினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"எம் புள்ளக்கா அது! அந்தக் காதைப் பாரு!"

பேத்தி நிறுத்திப் பெரிசு பண்ணிக் காட்டினாள். புள்ளி புள்ளியாக இருந்தது. எனக்கு ஆள் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அதற்கு மேல் தூக்கமே இல்லை.

என் கடைசி மகன் டிக்கெட் போட்டான். மற்ற அஞ்சும் குதித்தது. "ரெண்டு கெழவிங்க பாஷை தெரியாத ஊர்ல இன்னாமா பண்ணுவீங்க?"

"உங்க ஆறு பேரை வளத்தவளுக்கு வழி கேக்கத் தெரியாதாடா?" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

பினாங்கில் இறங்கினால் பாலவாக்கம் கடற்கரைக் காற்று மாதிரியே பிசுபிசு என்று இருந்தது. தமிழ்க்காரர் தெருவிலேயே ஒரு கடைக்கு மேல் அறை. கீழே பூமாலையும் பாத்திரமும் விற்கிறார்கள். ரெண்டு தெரு தள்ளினால் சீனர் கோயில், அதில் என் தொடை கனத்துக்கு ஊதுபத்தி எரிகிறது. கடைகளுக்கு முன்னால் வெயில் படாமல் நடக்க நீளமாகத் தாழ்வாரம் விட்டிருக்கிறார்கள். சுவரெல்லாம் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல ஊர்தான்.

ஆனால் எங்கே திரும்பினாலும் சோறு. காலையிலேயே தேங்காய்ப்பாலில் வடித்த சோற்றை இலையில் கூம்பு மாதிரி கட்டி, நெத்திலியும் காரச் சட்னியும் வைத்துக் கொடுக்கிறார்கள். நான் சாப்பிட்டேன். சோறு பதமாக வெந்திருந்தது. சட்னியில் சர்க்கரை போட்டிருந்தார்கள், அது தப்பு. இவள் பன்னை டீயில் தோய்த்துத் தின்றாள்.

மத்தியானம் ஒரு சீனக் கிழவியின் தள்ளுவண்டிக் கடையில் அகலமான நூடுல்ஸ் வாங்கினோம். எறா போட்டுப் புகையப் புகைய வறுத்துத் தந்தாள். இவள் பசியில் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் ஒரு இழையைக் கடித்தேன். அரைத்து ஆவியில் வேகவைத்த மாவு.

"ஏய், துப்புடி! அரிசி!"

உள்ளங்கையில் துப்பினாள். ஓடிப்போய்க் குழாயடியில் நாக்கை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கடைக்காரி என்னமோ ஏதோ என்று கரண்டியோடு வந்துவிட்டாள். நான் கையைக் காட்டினேன். இவளைக் காட்டி, குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டி, கடல் பக்கம் காட்டி, தட்டைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கிழவி அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து தேங்காய் ஜாம் தடவிச் சுட்ட ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் வாங்கி வந்து வைத்தாள். காசு கொடுத்தால் என் கையில் ஒரு அடி வைத்தாள். இவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அட்டையால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா சொன்ன அவகிட்ட?"

"உனக்குப் பைத்தியம்னு சொன்னேன்."

ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கிழவியும் சிரித்தாள்.

மறுநாள் கடை கிடைத்துவிட்டது. போன் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டதில் சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஒருத்தர் கடைக்கு எதிரிலேயே கொண்டுவந்து விட்டார். வீடியோவில் பார்த்த அதே பச்சைச் சுவர், அதே ரொட்டிக் கல். கல்லுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன். இவள் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"நீ போய்ப் பாருக்கா."

போனேன். "தம்பி" என்றேன். திரும்பினான். காது என்னமோ அதே காதுதான். மற்றதெல்லாம் வேறு யாரோ பெற்ற முகம். இவளை எப்படித் திரும்பிப் பார்ப்பது என்று நின்றால், இவள் அதற்குள் தெருவைத் தாண்டி என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள்.

"நீ எந்த ஊருப்பா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ராமநாதபுரம் பக்கம்மா. நிக்கிறீகளே, உக்காருங்க."

மகன் போட்டோவைக் காட்டினாள். அவன் பார்த்தான், உள்ளே கொண்டுபோய் மற்றவர்களிடமும் காட்டினான். யாருக்கும் தெரியவில்லை. வரும்போது ரெண்டு தட்டில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தான்.

"நம்ம ஊர்லருந்து வந்துட்டுப் பசியோட போகக் கூடாதும்மா."

"எனக்கு வேண்டுதல்பா. சோறு துன்ன மாட்டேன்."

"அப்ப ரொட்டி போடுறேன்."

தட்டை எடுக்காமல் கல்லுக்குப் போனான். மாவை வீசி வீசி விரித்தான். இவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாகிட்ட பேசிக்கினு கீறியா?"

"பேசி நாலஞ்சு வருசமாச்சும்மா."

"இன்னா சண்டை?"

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. வந்த புதுசுல நெலம சரியில்ல, அழுதுருவேன்னு பேசல. அப்பறம் சரியாயிருச்சு. ஆனா இம்புட்டு நாள் ஏன் பேசலன்னு கேட்டா என்ன சொல்லன்னு தள்ளிப் போட்டேன். இப்ப..." ரொட்டியைத் திருப்பிப் போட்டான். "இப்ப அப்பிடியே போயிருச்சும்மா. அந்த நெனப்பே வர்றதில்ல."

"அவங்க தேடுவாங்களே."

"மொதல்ல தேடியிருப்பாக. இந்நேரம் பழகியிருக்கும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முகத்தில் ஒரு கள்ளம் இல்லை. பெரியவர்கள் வந்தால் உட்காரச் சொல்லத் தெரிந்த பிள்ளை.

ரொட்டி வந்தது. இவள் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, சோற்றுத் தட்டை இழுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், வேண்டுதல்டி! இன்னா பண்ற?"

"அவனுக்கு ஏதோ ஆயிடுச்சு, அதான் பேச முடியலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்க்கா. அதுக்குத்தான் அம்மன்கிட்ட போனேன்." என் கையை விலக்கினாள். "எம் புள்ளயும் இவனாட்டம் நல்லாதான் கீறான் போல. நல்லா கீறவனுக்கு இன்னாத்துக்குக்கா வேண்டுதல்?"

பிசைந்து சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அவனுக்குச் சந்தோஷம், ஓடி ஓடிப் போட்டான். காசு கொடுத்தால், "எங்கம்மாவுக்குப் போட்ட மாதிரி இருக்கட்டும்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "இப்பவே போனைப் போடுடா, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். பார்த்தான்.

"இந்நேரம் வேலைக்குப் போயிருப்பாக. நாளைக்குப் பண்றேம்மா."

திரும்பப் பையில் வைத்துக்கொண்டான்.

பாக்கி நாளும் சுற்றிப் பார்த்தோம். மலை ரயிலில் ஏறினோம். மேலேயிருந்து கடலும் நீளப் பாலமும் தெரிந்தது. "நல்லா கீதுக்கா" என்றாள். கப்பலில் அக்கரைக்குப் போய்த் திரும்பினோம். "நல்லா கீதுக்கா." எதைக் காட்டினாலும் அதுதான். எது கொடுத்தாலும் சாப்பிட்டாள்.

ஊருக்கு வந்த பிறகு மூன்று வேளையும் சோறு. கன்னம் உப்பிவிட்டது. தெருவில் பார்க்கிறவர்கள், "ஃபாரின் போய்ட்டு வந்ததும் தேறிட்டா, நல்ல வேலை பண்ணீங்க ஆயா" என்று என்னிடம் சொல்கிறார்கள். முன்னெல்லாம் எந்த நம்பரிலிருந்து போன் வந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரத்தோடு ஓடி வந்து எடுப்பாள். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அது அடித்து அடித்து நிற்கும்.

"எடேன்டி" என்றால், "லோன் வேணுமான்னு கேப்பான்க்கா, வுடு" என்கிறாள்.

நேற்று என் இட்லி நாலு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். இத்தனை வருஷத்தில் நான் ஆக்கினதிலேயே அந்த நாலு இட்லியைக் கொடுக்கத்தான் எனக்குக் கை வரவில்லை. எடுத்துத் தட்டில் வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

பேத்தி வந்துவிட்டாள். ஏ கண்ணு, பையை வை. நான் எழுதினதை மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு, சரியா வந்துக்கீதான்னு கேக்கணும். தப்பு இருந்தா இருக்கட்டும், நிறுத்தாம படி. இரு, இரு, மொதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. அவ வீட்லதான் கீறா.